வயசான நாய் கடிக்குதா: சங்கிலியா, தனி இடமா?

மார்த்தாண்டம் பக்கம் பத்து வயசு தாண்டிய நாய் வீட்டு ஆட்களையே கடிக்க ஆரம்பித்தால், முதலில் கைக்கு வருவது சங்கிலிதான். செலவில்லை, உடனே ஆகிற காரியம். ஆனால் மூட்டுவலியோ பல்வலியோ உள்ள நாயை ஈரத் தரையில் கட்டிப்போட்டால் அதன் அவஸ்தை கூடத்தான் செய்யும். விலகிப்போக வழியில்லாத நாய் கடிக்காமல் என்ன செய்யும்? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, ஈரத்துக்குக் குறைவில்லை.

இன்னொன்று, வராந்தாவிலோ ஒரு அறையிலோ குறுக்கே தடுப்பு வைத்துத் தனி இடம். வழுக்காமல் சாக்கு, பக்கத்தில் தண்ணீர். கண்ணில் புரை விழுந்து காதும் மந்தமான நாயைத் தூக்கத்தில் தொட்டால் பதறிக் கவ்விவிடும். எட்ட நின்று தரையைத் தட்டுங்கள். அது தலை தூக்கிப் பார்த்த பிறகே பக்கத்தில் போங்கள். பிள்ளைகளைத் தனியே விடவே கூடாது. இடமும் பொறுமையும் வேண்டும்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

எதுவானாலும் கால்நடை மருத்துவரிடம் வாயையும் மூட்டையும் காட்டுங்கள். நாம் வலிக்குப் போடுகிற பாராசிட்டமால், ஐபுபுரூபன் மாத்திரைகள் அதற்கு வேண்டாம். நாயின் உயிருக்கே ஆபத்து. கடி பட்டால், வீட்டு நாய்தானே என்று விடாமல், 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள்.