இரண்டு புத்தகம், 15 நாள்: எங்கள் ஊர்க் கிளை நூலகம்

பாலக்கோடு பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நான் உறுப்பினராகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதை முழுதாகப் பயன்படுத்தியது கடந்த 14 மாதங்களாகத்தான். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் நாளிதழ் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் பலர். உள்ளே இரும்பு அலமாரிகள் வரைக்கும் அவர்கள் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு வளர்க்கிறோம். இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுக்களை இளம்புழு வளர்ப்பு மையத்தில் வாங்கி வருவோம். வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் இரண்டு முறை தோலுரிக்கும். அந்த நாட்களில் புழு தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும், இலை போட வேண்டியதில்லை. எனக்கு நிம்மதியாகப் படிக்கக் கிடைப்பது அந்த நாட்கள்தான். நான்காம் தோலுரிப்பைத் தாண்டிவிட்டால் ஒரு வாரத்துக்கு அடங்காத பசி. தன் ஆயுளில் தின்னும் இலையில் பெரும்பங்கை அந்த ஒரு வாரத்தில் தின்று தீர்த்துவிடும். கொட்டகைக்குள் நின்றால் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். அப்போது புத்தகத்துக்குக் கை போகாது.

இப்படி ஒரு பிழைப்பை வைத்துக்கொண்டு 2023இல் வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு 52 புத்தகம் என்று நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். ஜூன் மாதத்தில் பதினொன்றோடு நின்றுபோனது. எண்ணிக்கை ஏற வேண்டும் என்று ஒல்லியான புத்தகங்களாகப் பார்த்து எடுத்திருந்தேன். அவற்றில் பாதியில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மிகவும் வருத்தமாக இருந்தது.

பிறகு கணக்கை விட்டுவிட்டு ஒரே ஒரு சவாலை எடுத்துக்கொண்டேன்: புறநானூறு முழுவதும், உரையோடு. அதியமான் ஆண்ட தகடூர், அதாவது இன்றைய தருமபுரி மண்ணில் பிறந்து வளர்ந்தும், அதியமானையும் ஔவையையும் பற்றிப் பள்ளிப் பாடத்தில் வந்த நெல்லிக்கனிக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அது வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

நூலகர் எழுந்துபோய், கடைசி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஔவை துரைசாமிப் பிள்ளை உரையை எடுத்து, துணியால் துடைத்துக் கொடுத்தார். இரண்டு தொகுதிகள்: முதலாவதில் 200 பாடல், இரண்டாவதில் மீதி. "267, 268 இரண்டும் கிடைக்காமலே போய்விட்டன அம்மா. 398 படித்தால் உங்கள் கணக்கு முடிந்தது" என்றார். புத்தகத்தைத் தேதி போட்டுத் தள்ளிவிடுகிறவர் அல்லர் என்று அப்போதே புரிந்தது.

ஒரு நேரத்தில் இரண்டு புத்தகம், 15 நாள் தவணை. புழு நான்காம் தோலுரிப்பைத் தாண்டி ஐந்தாம் பருவத்தில் இருக்கும்போது தவணை வந்துவிட்டால், தொலைபேசியில் சொன்னால் போதும், புதுப்பித்துக்கொடுக்கிறார். பட்டுக்கூடு விற்கத் தருமபுரி அங்காடிக்குப் போய்த் திரும்பும் நாளில் வேனை நிறுத்திப் புத்தகம் மாற்றிக்கொள்கிறேன். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது சீர்காழிக்காரரான எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. எங்கள் நூலகர் அதைக் கடைப்பிடிக்கிறார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பெண் பிள்ளைகள் இதனாலேயே இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார்கள். பையன்கள் மாலைவரை உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கோபம். பின் அலமாரிப் பக்கம் விளக்கு எரிவதில்லை, கைபேசி வெளிச்சத்தில்தான் தலைப்புகளைப் படிக்க வேண்டும். புதிய நாவல்கள் வருவது அரிது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1948இலேயே, பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகச் சேர்த்துக் கட்டுகிறோம். ஒரு குழல்விளக்கும் ஒரு தாழ்ப்பாளும் கேட்பது நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

முதல் தொகுதி ஏழு மாதம் பிடித்தது. 87ஆம் பாடலில் அதியமான் வந்ததும் வேகம் குறைந்துவிட்டது. ஒரே பாடலை மூன்று நாள் வைத்திருந்ததும் உண்டு. 91இல் நெல்லிக்கனி வருகிற இடத்தில் யாரோ பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டிருந்தார்கள். நூலகப் புத்தகத்தில் கோடு போடுவது தப்பு என்று எப்போதும் சண்டை போடுகிற நான் அந்தக் கோட்டை மட்டும் அழிக்கவில்லை. கூடவே எடுத்த சிறுகதை, பயண நூல் எல்லாம் சேர்த்து அந்த 14 மாதத்தில் 31 புத்தகங்கள் ஆயின. இந்த முறை எல்லாமே நினைவில் இருக்கின்றன.

இரண்டாம் தொகுதியில் ஒரு சிக்கல். 235ஆம் பாடல் இருந்த தாளையே காணோம். தையல் ஓரத்தில் கிழிந்த விளிம்பு மட்டும் நின்றது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவை பாடியது அது. நூலகரிடம் காட்டியபோது அவர் முகம் வாடிவிட்டது. "கூட்டத்துக்குத் தருமபுரி போகும்போது மாவட்ட மைய நூலகத்தில் பார்க்கிறேன் அம்மா, அதுவரைக்கும் தாண்டிப் படியுங்கள்" என்றார். தாண்ட மனம் வரவில்லை. நான்கு வாரம் அங்கேயே நின்றேன்.

அடுத்த முறை போனபோது புத்தகம் மேசைமேல் தயாராக இருந்தது. அந்தத் தாளின் இரு பக்கங்களையும் ஒரே தாளில் முன்னும் பின்னுமாக நகல் எடுத்து, அளவாக வெட்டி, கிழிந்த விளிம்போடு சேர்த்துப் பசையால் ஒட்டியிருந்தார். மூடும்போது மடியாமல் இருக்க ஓரத்தில் கால் அங்குலம் விட்டிருந்தார். பசை காய்கிறவரைக்கும் மேலே கனமான அகராதி ஒன்றை வைத்திருந்தாராம்.

அன்று இரவு புழுக்களுக்கு மூன்றாம் தோலுரிப்பு. கொட்டகை சத்தமில்லாமல் இருந்தது. கதவோரம் விளக்கடியில் உட்கார்ந்து அந்த வெள்ளைத் தாளைப் படித்தேன். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான் என்று ஔவை தொடங்குகிறாள். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளுக்குள் போய், புலவர் நாவில் விழுந்தது என்கிறாள். அதற்கு மேல் உரையைப் பார்க்க முடியவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.