சவுண்ட்பாரா, ரிசீவரா, அசெம்பிள் ஆம்ப்பா? சினிமா பிரியர்களுக்கு ஒரு ஒப்பீடு

ஹோம் தியேட்டர் வாங்குகிறவர்கள் பலரும் ஷோரூமில் ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்பு இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். படம் உங்கள் டிவிக்கு எந்த வழியாக வருகிறது? அதன் ஒலி எந்த கேபிளில் வெளியே போகிறது? இவை சரியில்லையென்றால் ஐந்து ஸ்பீக்கர் மாட்டினாலும் ஸ்டீரியோதான் கிடைக்கும்.

டிடிஹெச், ஓடிடி

டிடிஹெச்சில் ஹெச்டி சேனல் என்றால் படத்தரம் 1080ஐ (1080i). ஒருசில சேனல்களில் டால்பி 5.1 (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) ஒலி வந்தாலும் பெரும்பாலும் ஸ்டீரியோதான். 2.39:1 ஸ்கோப் (அகலத் திரை) படத்தைத் திரை நிறையக் காட்டுவதற்காக இருபக்கமும் வெட்டினால், ஒளிப்பதிவாளர் வைத்த ஃபிரேமில் கால்வாசி காணாமல் போகும். கனமழையில் சிக்னலும் போகும். இருந்தாலும் கனெக்‌ஷனை மொத்தமாக எடுத்துவிடச் சொல்ல மாட்டோம். ஓடிடியில் எங்கு தேடியும் கிடைக்காத பழைய தமிழ்ப் படம் கேடிவி மாதிரியான சேனலில்தான் சட்டென்று வரும். சின்ன பேக் ஒன்று போதும்.

5.1, அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) வேண்டுமென்றால் ஓடிடிதான். திட்டத்தைப் பார்த்து எடுங்கள்: நெட்ஃபிளிக்ஸில் 4கேயும் அட்மாஸும் ப்ரீமியம் திட்டத்தில் மட்டுமே உண்டு. 4கேக்கு அவர்கள் சொல்லும் வேகம் 15 எம்பிபிஎஸ். வைஃபை தடுமாறினால் ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். டிவியின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் என்றாலும் இதற்குத் தாராளம். வைட்வைன் எல்1 என்ற காப்பி-பாதுகாப்புச் சான்று இல்லாத மலிவான ஆண்ட்ராய்டு பாக்ஸில் பெரிய ஓடிடிகள் 4கே தராது, பலவற்றில் ஹெச்டியே வராது.

ஓடிடி தரும் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருகிறது. ஆப்டிகல் கேபிளில் அது போகாது, சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் போகும். டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ ஆர்க் போர்ட்டில் போகும். ப்ளூ-ரே டிஸ்க்கில் இருக்கும், தரம் குறையாத ட்ரூஹெச்டி ஒலியை டிவி வழியாக முழுமையாகக் கடத்தத்தான் ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் தேவை. ஓடிடி மட்டும் பார்ப்பவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

சவுண்ட்பார்

ஒரே ஹெச்டிஎம்ஐ கேபிளில் வேலை முடிந்துவிடும், வாடகை வீட்டுக்கு வசதி. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2.1 என்றால் வசனத்துக்குத் தனி சென்டர் ஸ்பீக்கர் இல்லை; 3.1-லிருந்துதான் சென்டர் வரும். 5.1.2-ல் கடைசி எண் மேல்நோக்கிய ஸ்பீக்கர்களைக் குறிக்கிறது. அவை கூரையில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்பியவை. கூரை தட்டையாக, சுமார் 8 முதல் 14 அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். நம் ஹால்களில் சரியாக அந்தப் பாதையில்தான் சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்! ஓட்டு வீட்டிலும் சரிவான கூரையிலும் அந்தக் காசு வீண்.

ஏவி ரிசீவரும் 5.1 ஸ்பீக்கரும்

ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் இயக்கும் பெட்டிதான் ஏவி ரிசீவர். சொந்த வீடு, வயர் ஓட்டச் சம்மதம், இரண்டும் இருந்தால் எங்கள் ஓட்டு இதற்குத்தான். அட்மாஸ் இல்லாத நல்ல 5.1 செட், அதே விலை அட்மாஸ் சவுண்ட்பாரைவிடப் படம் பார்க்க மேல். காரணம் சென்டர் ஸ்பீக்கர். வசனம் முழுக்க அதில்தான் வருகிறது, அதை மட்டும் தனியாக இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம்.

சரவுண்ட் (சுற்றுப்புற ஒலி) ஸ்பீக்கர்களைப் பின்சுவரின் மூலையில் மாட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி, 110 முதல் 120 டிகிரியில், காதுக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரே போதும். தூரம் 10 மீட்டரைத் தாண்டினால் 2.5. வயரின் பிளஸ், மைனஸ் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் பேஸ் காணாமல் போய் ஒலி மெலிந்துவிடும். மெனுவில் எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று வைத்து, கிராஸ்ஓவரை (இதற்குக் கீழான பேஸ் சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் மைக் அளவீட்டை (டெனானில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பாவோ) ஃபேன், ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர்

சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி உள்ளூர் மெக்கானிக் கட்டித் தரும் பெட்டிக்கு நம் ஊரில் தனி ரசிகர் கூட்டமே உண்டு. நியாயமான காரணமும் இருக்கிறது: விலை குறைவு, எது போனாலும் அதே தெருவில் பார்ட்ஸ் கிடைக்கும். ஆனால் இரண்டு இடங்களில் விழித்திருக்க வேண்டும்.

முதலாவது போர்டு. புரோலாஜிக் போர்டு ஸ்டீரியோவைப் பிரித்து ஐந்தாகக் காட்டும், அது உண்மையான 5.1 இல்லை. 5.1 ஒலியைப் பிரித்தெடுக்கும் டெக்கோடர் போர்டு கேளுங்கள். அதிலும் பலவற்றுக்கு டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் மட்டுமே புரியும், டால்பி டிஜிட்டல் பிளஸ் வந்தால் மௌனமாகிவிடும். டிவியின் ஆடியோ அவுட்புட்டை ‘ஆட்டோ’விலிருந்து ‘டால்பி டிஜிட்டல்’ ஆக்கினால் பெரும்பாலும் சத்தம் வந்துவிடும்.

இரண்டாவது வாட்ஸ் கணக்கு. 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் தருவது ஏறக்குறைய பிளஸ் மைனஸ் 33 வோல்ட் டிசி. அதில் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட ஒரு சேனல் (ஒரு ஸ்பீக்கருக்கான பகுதி) 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் அளவில்தான் தரும். அதை 200 வாட்ஸ் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். அதே 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் மொத்தமாகத் தருவது 240 விஏ (வோல்ட்-ஆம்பியர்)தான். ஐந்து சேனலும் சப்வூஃபரும் அதிலேயே என்றால் வெடிச் சத்தம் வரும் காட்சியில் வசனமும் சேர்ந்து உடையும். சப்வூஃபருக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் போடச் சொல்லுங்கள்.

படம் ஓடாதபோதும் ‘ம்ம்’ என்று இரைந்தால் டிரான்ஸ்ஃபார்மரை டெக்கோடர் போர்டிலிருந்து தள்ளி வைத்து, எல்லா கிரவுண்ட் வயரையும் ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும். டிடிஹெச் கேபிளைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் குற்றம் ஆம்ப்பில் இல்லை, டிஷ்ஷிலிருந்து வரும் எர்த்தில் இருக்கிறது.