லால்பாக் போவதென்றால் முதலில் வாசலை முடிவு செய்யுங்கள்

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு குடும்பத்தோடு ஒரு நாள் எங்கேயாவது போகலாம் என்று பேச்செடுத்தால் கடைசியில் இரண்டே பெயர்தான் வரும். ஒன்று கே.ஆர்.பி. அணை, இன்னொன்று பெங்களூரு லால்பாக். அணைக்குப் போவதென்பது மத்தியானத் தூக்கம் கலைந்து கிளம்பி, வறுத்த மீன் தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேருகிற சமாச்சாரம். அதற்குத் திட்டமே வேண்டாம். லால்பாக் அப்படி இல்லை. ஊரிலிருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், உள்ளே 240 ஏக்கர், கூட வருவது முழங்கால் வலிக்கார மாமியார், கையை விட்டால் ஓடிவிடும் இரண்டு பிள்ளைகள், "வண்டியை எங்கே போடுறது" என்பதைத் தவிர வேறு கவலையே இல்லாத வீட்டுக்காரர். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தக் கூட்டத்தோடு போய் வந்துகொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்லத் தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

லால்பாக்கில் என்னென்ன பார்க்கலாம் என்று பட்டியல் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கண்ணாடி மாளிகை, ஏரி, போன்சாய் தோட்டம், பூக்கடிகாரம், பாறை, எல்லாம் சரி. ஆனால் வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரே நாளில் அத்தனையும் நடக்காது, பாதிதான் நடக்கும். எந்தப் பாதி என்பதை நீங்கள் நுழைகிற வாசல் முடிவு செய்துவிடும். மொத்தம் நாலு வாசல். யோசிக்காமல் ஏதோ ஒன்றில் நுழைந்தால் பார்க்க நினைத்தது அந்தக் கோடியில் இருக்கும், வண்டி இந்தக் கோடியில் நிற்கும், நடுவில் ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து எழுந்துகொண்டு "இன்னும் எவ்ளோ தூரம்மா" என்று ஒருத்தர் கேட்டுக்கொண்டே வருவார்.

காரில் போகிறவர்களுக்கு டபுள் ரோடு பக்கத்து வாசல்தான் வசதி, வண்டி நிறுத்த இடம் அங்கே. சாந்திநகர் பஸ் ஸ்டாண்டும் அந்தப் பக்கமே என்பதால் தமிழ்நாட்டு பஸ்ஸில் போய் அங்கே இறங்குகிறவர்களுக்கும் அதுதான் கிட்டம், பெரியவர்கள் இருந்தால் ஒரு ஆட்டோ பிடித்துவிடலாம். இந்தப் பக்கமாகப் போனால் அன்றைய நாள் பாறைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாறை என்றதும் என் மாமியார் கேட்டது இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது: "நம்மூர்ல இல்லாத கல்லா, இதைப் பாக்கவா இத்தனை தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" நியாயம்தான். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற ஊர்க்காரர்களுக்கு இது சின்னக் குன்று. ஆனால் இந்தக் கல்லுக்கு வயசு சுமார் 300 கோடி ஆண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவே அறிவித்திருக்கிறது. மேலே பெங்களூரை உருவாக்கிய கெம்பேகவுடர் பெயரில் ஒரு சின்னக் காவல் கோபுரம் நிற்கிறது. ஏறுவது கஷ்டமில்லை, சரிவு மெதுவாகத்தான் போகும். வெறுங்காலோடு ஏறினால் கல்லின் சொரசொரப்பு உள்ளங்காலில் நன்றாகப் பிடிக்கும், மழை பெய்த மறுநாள் மட்டும் அங்கங்கே குழிகளில் தண்ணீர் நிற்கும், அந்த ஓரத்தில் வழுக்கும், பிள்ளைகள் சரியாக அதில்தான் காலை வைப்பார்கள். பத்து மணிக்கு மேல் வெறுங்கால் கதையே வேண்டாம், சுட்டுவிடும். அத்தை கீழே நிழலில் உட்கார்ந்துகொள்வார், நாங்கள் ஏறிவிட்டு வருவோம்.

பெரியவனுக்குப் பாடப்புத்தகத்தில் ஹைதர் அலி வந்த வருஷம் இந்தப் பாறை மேல் உட்கார வைத்துத்தான் சொன்னேன். ஹைதர் அலி 1760-ல் ஆரம்பித்த தோட்டம் இது, திப்பு வளர்த்தது. நம்மூர் மலைக்கோட்டையும் அப்பன் மகன் இரண்டு பேர் கையிலும் இருந்ததுதான், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால் என்கிற நம் சீமை வெள்ளைக்காரனுக்குப் போகும் வரைக்கும். கோட்டையைத் தினமும் பார்க்கிற பையன், இங்கே வந்துதான் அது யாருடையது என்று கேட்டான்.

இனி மேற்கு வாசல். இரண்டு வருஷம் முன்பு வரை இதைப் பற்றி நான் பேசியிருக்கவே மாட்டேன். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை திறந்ததும் எங்கள் கணக்கு மொத்தமும் மாறிவிட்டது. அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டியதும் பொம்மசந்திரா. அங்கேயே ரயில் ஏறினால் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு எல்லாவற்றையும் மேலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம், கீழே நிற்கிற வண்டிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கடைசி நிறுத்தம் ஆர்.வி. ரோடு, அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறினால் ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், அடுத்தது லால்பாக். ஆரம்பத்தில் ரயில் 25 நிமிஷத்துக்கு ஒன்று என்று விட்டார்கள், பிறகு சீக்கிரம் சீக்கிரமாக வர ஆரம்பித்தது. நாங்கள் சந்தாபுராவில் நாத்தனார் வீட்டு வாசலில் காரைப் போட்டுவிடுகிறோம். அந்தப் பக்கம் சொந்தக்காரர் இல்லாதவர்கள் பஸ்ஸில் ஏறும்போதே பொம்மசந்திராவில் நிறுத்துவார்களா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தர்மபுரிக்காரர்களுக்காவது ஓசூர் வழியாக பெங்களூருக்கு ரயில் உண்டு, கிருஷ்ணகிரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே. எங்கள் சின்னவளுக்கு லால்பாக்கை விட மெட்ரோதான் சுற்றுலா.

மெட்ரோவில் போனால் மேற்கு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பக்கப் பாதி பெரியவர்களுக்கானது. பாதை மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும், நிழல் அடர்த்தி, கண்ணாடி மாளிகை ரொம்ப நடக்காமலே வந்துவிடும். ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்: சாதாரண நாளில் கண்ணாடி மாளிகைக்குள் ஒன்றும் இருக்காது. படங்களில் பார்க்கிற பூவெல்லாம் ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டியும் ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டியும் நடக்கிற மலர்க் கண்காட்சியில்தான். மற்ற நாளில் அது காலியான ஒரு கூடம், அவ்வளவுதான். எனக்கு என்னவோ காலியாக இருக்கும்போதுதான் பிடிக்கிறது. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மாதிரியில் 1889-ல் அடிக்கல் நாட்டிக் கட்டியது, அந்த இரும்புத் தூண்களின் பூவேலையெல்லாம் கூட்டம் இல்லாதபோதுதான் கண்ணில் படும். மலர்க் கண்காட்சி விடுமுறை நாளில் பூவைப் பார்ப்பதற்குப் பதில் முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்க்க முடியும், பிள்ளை கையை விடவே முடியாது. போயே தீர வேண்டும் என்றால் வார நாளில், அதுவும் காலையிலேயே.

அத்தைக்குப் பிடித்தது மரங்கள்தான், அதிலும் மாமரம். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் பிறந்து வளர்ந்தவரை மாமரம் பார்க்க பெங்களூருக்குக் கூட்டிப் போவது விசித்திரம்தான், ஆனால் அங்கே கிடக்கிற வயசான மரங்களின் தடிமன் நம் தோப்புகளில் கிடையாது, காய்ப்பு குறைந்தால் நாம் வெட்டி விடுகிறோமே. கீழே உதிர்ந்து கிடந்த ஒரு பிஞ்சை எடுத்து, காம்பை நகத்தால் கீறி, பால் வடிவதைப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, "இது பெங்களூரா இல்ல, ஏதோ நாட்டுக்காய்" என்று தீர்ப்புச் சொன்னார். பெங்களூரா என்பது நம் பக்கத்தில் கிளிமூக்கு மாங்காய்க்குப் பெயர், பெங்களூருக்கு நடுவில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னது எங்களுக்கு ஒரே சிரிப்பு. அப்புறம், கல்லாகிப் போன ஒரு மரத்துண்டும் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு கோடி வருஷத்து மரம், வந்தது நம் விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையிலிருந்து. நிறையப் பேர் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

நடக்கவே முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி இருக்கிறது, காசு கொடுத்து ஒரு சுற்று வரலாம். ஞாயிற்றுக்கிழமை அதற்கும் காத்திருக்க வேண்டும். கழிப்பறைகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன, ஒன்றைப் பார்த்ததும் பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள், "இப்ப வரலம்மா" என்பதை நம்ப வேண்டாம்.

சாப்பாடு விஷயத்தில் எங்கள் வழக்கம், புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய் தோட்டத்துக்கு வெளியிலேயே முடித்துவிடுவது. உள்ளே பிளாஸ்டிக் பையோடு போகவே கூடாது, தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்தான். தோட்டக்கலை விவசாயிகளின் கூட்டுறவுக் கடையான ஹாப்காம்ஸில் பழச்சாறு குடிப்போம். எம்.டி.ஆர். ஓட்டல் பக்கத்தில்தான் இருக்கிறது, 1924-லிருந்து இருக்கிற கடை, அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் ரவா இட்லி கண்டுபிடித்த இடம் என்று சொல்வார்கள். ஆனால் சனி ஞாயிறில் அங்கே காத்திருக்கப் பசித்த பிள்ளைகளால் முடியாது, திங்கட்கிழமை விடுமுறை. அங்கே சாப்பிட வேண்டுமென்றால் காலை டிபனுக்குப் போய்விட்டு அப்புறம் தோட்டத்துக்குள் நுழையலாம்.

திரும்புகிற நேரத்தை மட்டும் வீட்டுக்காரரிடம் விடாதீர்கள். காரில் வந்தால் மூன்று மணிக்கெல்லாம் வெளியே வந்துவிட வேண்டும், நாலரைக்குக் கிளம்பினால் சில்க் போர்டிலேயே பொழுது சாய்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொள்ளும், பெரிய மரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து, கிளை முறியும். மெட்ரோ என்றால் ஐந்து வரைகூட இருக்கலாம், ஆனால் வேலை விட்டு வருகிற கூட்டத்தில் அத்தைக்கு உட்கார இடம் கிடைப்பது கொஞ்சம் பாடு.

மொத்தத்தில், வீட்டுப் பெரியவரால் நின்று நின்றாவது அரை மணி நடக்க முடியும் என்றால் மெட்ரோ, மேற்கு வாசல், கண்ணாடி மாளிகை, மரங்கள், அதோடு போதும். பிள்ளைகள் மட்டும் என்றால் டபுள் ரோடு வாசல், பாறை. பத்து நிமிஷம்கூட நடக்க முடியாதவர் இருந்தால் 90 கிலோமீட்டர் அலைய வேண்டாம், சாயங்காலம் அணைக்கே போய்விடுங்கள், மீனாவது சூடாகக் கிடைக்கும்.