ஜீப்ரா மீனின் காது: எஃப்ஜிஎஃப்3-ஆ, எஃப்ஜிஎஃப்8-ஆ?

ஜீப்ரா மீன் கருவில் உட்செவி தானாக முளைப்பதில்லை. பக்கத்திலிருக்கும் பின்மூளை எஃப்ஜிஎஃப்3, எஃப்ஜிஎஃப்8 என்ற இரண்டு புரதங்களைச் சுரந்து, அருகிலுள்ள மேல்தோல் செல்களைக் காதாக மாறத் தூண்டுகிறது. காது உருவாக இரண்டில் எது முக்கியம்?

எஃப்ஜிஎஃப்8 இல்லாவிட்டால் காதுப்பை, அதாவது உட்செவியாக வளரும் பை, சிறுத்துவிடும். ஒரு நாள் வயதுக் கருவை நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணாடி போன்ற உடலுக்குள் ஒவ்வொரு காதிலும் இரண்டு காதுக்கற்கள் (உட்செவிக்குள் இருக்கும் சிறு கற்கள்) தெரிய வேண்டும்; 8 இல்லாத கருக்கள் சிலவற்றுக்கு ஒன்றுதான் இருக்கும். 3 இல்லாவிட்டால் பாதிப்பு பெரும்பாலும் லேசானது. என் ஓட்டு 8-க்குத்தான்.

சரி, அப்போ 3 சும்மாவா? இரண்டையும் சேர்த்து நீக்கினால் காதே உருவாவதில்லை. ‘வேலன்டினோ’ என்ற மரபணு பழுதாகி, பின்மூளைக் கோளாறுள்ள மீன்களில் 3 வழக்கத்தைவிட அகலமான பகுதியில் சுரக்கிறது. அதனால் காதில் ஒலியையும் அசைவையும் உணரும் உணர்மயிர் செல்களும் இடம் தவறி முளைக்கின்றன.