யோகிச்சா, யானிஸா?

ஒரே ஒரு வீரரைச் சுற்றிக் கூடைப்பந்து அணி கட்டச் சொன்னால் யாரை எடுப்பாய் என்று தம்பி கேட்டான். இரண்டு நாள் யோசித்துவிட்டு நிகோலா யோகிச் என்றேன். யானிஸ் அன்டெடோகூன்போவை எப்படி விட்டாய் என்று அவனுக்குக் கோபம். அதில் நியாயம் உண்டு.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஒப்பிட இவர்களைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. இருவரும் ஏறக்குறைய 211 செ.மீ. உயரம். யானிஸ் பிறந்தது 1994 டிசம்பரில், யோகிச் 1995 பிப்ரவரியில். ஒருவருக்கு உடல் மூலதனம், மற்றவருக்குக் கைப்பழக்கம்.

யானிஸின் பெருமையை விளக்க வேண்டியதில்லை. ஓட்டம், தாவல், நீண்ட கைகள் எல்லாம் கண்முன் தெரிகின்றன. 2020இல் பருவத்தின் மிகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருதையும் சிறந்த தற்காப்பு வீரர் விருதையும் சேர்த்தே வாங்கினார். 2021 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வென்று தந்தார்.

யோகிச்சை முதல் பார்வையில் யாரும் மதிப்பதில்லை. 2014இல் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு 41ஆவது இடம்தான் கிடைத்தது. உயரத் தாவமாட்டார், வேகமாகவும் ஓடமாட்டார். ஆனால் சக வீரர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து அவர் பந்து தருவதில்லை. அடுத்த நொடியில் எங்கே இருப்பார் என்று அறிந்து தருகிறார். 2023இல் கோப்பையைத் தீர்மானிக்கும் பிளே ஆஃப் சுற்றுகளில் மொத்தப் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து தருவது) மூன்றிலும் அவரே முதலிடம். அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை.

என் முடிவுக்குக் காரணம் ஒன்றுதான்: வயது ஏறும்போது எது மிஞ்சும் என்பது. டெரிக் ரோஸ் 2011இல் 22 வயதில் எம்.வி.பி. ஆனார், அந்த விருதைப் பெற்றவர்களில் அவரே இளையவர். அவருடைய ஆட்டத்தின் உயிர் முதல் எட்டின் வேகம். 2012 ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் ஆடினார், ஆனால் பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல் ஸ்டார் அணிக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. டிம் டங்கனோ பலகையில் பட்டு விழும் அந்த அமைதியான எறிதலை வைத்துக்கொண்டு 38 வயதில், 2014இல், ஐந்தாவது கோப்பையை வென்றார். உயரத் தாவிப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் அடிப்பதில் பெயர் பெற்ற வின்ஸ் கார்ட்டர் 22 பருவங்கள் நீடித்ததும் தொலைவிலிருந்து எறியக் கற்றுக்கொண்டதால்தான். கால் ஓய்ந்த பிறகும் மணிக்கட்டு வேலை செய்யும். முப்பதை நெருங்கிய 2024-25 பருவத்தில்தான் யோகிச் சராசரியாகவே டிரிபிள் டபுள், அதாவது புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் பத்துக்குக் குறையாமல், எடுத்தார்.

யானிஸும் கார்ட்டரைப்போல் மாறலாம்; அவருடைய நடுத்தூர எறிதல் தேறிவருகிறது. எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தனி எறிதலான ஃப்ரீ த்ரோவைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு நம்பிக்கை குறைகிறது. யாரும் மறிக்காத இடத்திலிருந்தே தடுமாறும் கை, வேகம் குறைந்தபின் எப்படித் தாங்கும்?

நான் தயங்கும் இடம் தற்காப்பு. காலையில் திரையில் பார்ப்பதோடு சரி, அந்த உயரத்தில் ஆடியவன் அல்லன் நான். பந்து இல்லாத பக்கத்தில் யானிஸ் காக்கும் இடத்துக்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. யோகிச்சை எடுத்தால் அந்த இடத்துக்கு வேறொருவரைத் தேடியே ஆகவேண்டும். அவருடைய டென்வர் அணியும் அதைத்தான் செய்தது. 2021இல் ஆரன் கார்டனைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் நிறுத்தியது. கார்டன் டங்க் போட்டிகளில் பெயர் வாங்கியவர்.