ஆக்டிவ் டேக்கா, பாஸிவ் டேக்கா? சாய ஆலையில் நான்கு ஆண்டு அனுபவம்

திருப்பூரில் பின்னலாடைத் துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் 120 எஃகு டிராலிகள் உள்ளன. சாய இயந்திரம், பிழியும் இயந்திரம், துணியை விரித்துச் சூட்டில் உலர்த்தும் ஸ்டென்டர் என்று ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒரே நிறத்துக்கான துணித் தொகுதியும், டிராலியில்தான் பயணம் செய்கிறது. டிராலி இயந்திரத்தின் முன் வந்து நின்றதும் அதிலுள்ள லாட் எது என்று கணினி அறிந்து, அந்த நிறத்துக்குரிய செய்முறையை இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். இதற்காகத்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆர்.எஃப்.ஐ.டி. முறைக்கு மாறினோம். டிராலியில் பொருத்திய ‘டேக்’ என்ற சிறு அடையாள வில்லையின் எண்ணை, ‘ரீடர்’ என்ற கருவி ரேடியோ அலை மூலம் படிக்கும் முறை இது.

முதலில் வாங்கியவை ஆக்டிவ் டேக்குகள். உள்ளே பேட்டரி இருக்கும். ரீடர் கேட்காமலே சில நொடிகளுக்கு ஒருமுறை தன் எண்ணை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். ஒரு டேக் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. ஆனாலும் ஷெட் முழுவதற்கும் எட்டு ரீடர்கள் போதும் என்ற கணக்கு எங்களுக்குப் பிடித்திருந்தது.

அலை வெகுதூரம் போகும் என்பதற்காகத்தான் வாங்கினோம், அதுவே எங்களைக் கவிழ்த்தது. சிக்னலின் வலிமையை வைத்துத்தான் டிராலியின் இடத்தை அந்த மென்பொருள் ஊகிக்கிறது. சுற்றிலும் எஃகு இயந்திரங்கள் இருப்பதால் அலைகள் எதிரொலித்து, மூன்றாம் இயந்திரத்தின் முன் நிற்கும் டிராலி நான்காவதில் நிற்பதாகத் தெரியும். ஓர் இரவு ஷிப்டில் இளமஞ்சள் லாட்டுக்குக் கருநீலச் செய்முறை இறங்கிவிட்டது. 300 கிலோ துணி! ஆபரேட்டர் மீது தவறே இல்லை. திரை காட்டியதை நம்பும்படி அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பேட்டரியும் சொன்னபடி உழைக்கவில்லை. ஐந்து ஆண்டு வரும் என்றார்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்பும்படி நாங்கள் அமைத்திருந்ததாலும், ஸ்டென்டர் பக்கத்துச் சூட்டாலும், ஒன்றரை ஆண்டிலேயே ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன.

அதன்பின் பாஸிவுக்கு மாறினோம். இதில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே டேக் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. காரின் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக்கும் இதே இனம்தான். இந்தியாவில் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகிறது. சில மீட்டர்தான் எட்டும். அந்தக் குறுகிய எல்லைதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. இயந்திரத்துக்கு ஓர் ஆன்டெனா வைத்து, பக்கத்து டிராலியைப் படிக்காத அளவுக்கு ரீடரின் சக்தியைக் குறைத்தோம். டிராலி வந்து நிற்பதை ஒளி சென்சார் உறுதிசெய்த பிறகுதான் ரீடர் விழிக்கும். இரண்டு டிராலிகளின் எண்கள் தெரிந்தால் செய்முறை இறங்காது, மணி அடிக்கும்.

இதை நிலைப்படுத்த மூன்று மாதம் பாடுபட்டோம். ஈரத் துணி இந்த அலையை அப்படியே விழுங்கிவிடும். சாதாரண ஸ்டிக்கர் டேக்கை உலோகத்தில் நேரடியாக ஒட்டினால் படிக்கவே படிக்காது. உலோகத்துக்கென்றே வரும் கெட்டி டேக்குகளை, துணி தொங்கி மறைக்காத கீழ்ச்சட்டத்தில் இரு பக்கமும் பொருத்தினோம். பசை நீராவியில் உரிந்துவிட்டதால் ரிவெட் அடித்தோம். ஸ்டிக்கரைவிடப் பல மடங்கு விலை என்றாலும், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ரீடர்களும் ஆன்டெனாக்களும் கூடியதால் தொடக்கச் செலவு ஆக்டிவ் முறைக்குச் சற்றும் குறையவில்லை. டேக் மலிவு என்பதை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பழைய ஆக்டிவ் டேக்குகளில் இருபதுக்குப் புது பேட்டரி போட்டு, நகரும் பம்புகளிலும் வெல்டிங் செட்டுகளிலும் மாட்டியிருக்கிறோம். "எந்த ஷெட்டில் கிடக்கிறது?" என்ற கேள்விக்கு அவை அருமையாகப் பதில் சொல்கின்றன. அங்கே பத்து மீட்டர் பிசகினாலும் துணி கெடாது.

பாஸிவுக்கு மாறிய பிறகு இதுவரை ஒன்பது டிராலிகளின் டேக்குகளை மாற்றியிருக்கிறோம். ஒன்பதும் சுவரில் இடித்து உடைந்தவை. புதிதாக வாங்க நினைப்பவர்கள், விற்பவரின் அலுவலக மேசையில் காட்டும் சோதனையை ஏற்காதீர்கள். நீர் சொட்டும் துணியை முழுதாக ஏற்றிய டிராலியை, உங்கள் இயந்திரத்தின் முன்பே நிறுத்திப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.