குளித்தலை சாந்திவனம்: தங்க நினைப்பவர்களுக்கு

மனசு அமைதியாக இருக்க எங்காவது போய் நாலு நாள் இருக்கணும் என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது சாந்திவனம்தான். திருச்சியிலிருந்து கரூர் போகும் வழியில், குளித்தலைக்குப் பக்கத்துத் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் இருக்கிற கிறிஸ்தவ ஆசிரமம். சின்ன அறை, தென்னை மரங்கள், தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிடும் எளிய சைவச் சாப்பாடு, ஒரு நூலகம். வசதியைத் தேடி வருகிறவர்களுக்கான இடம் இல்லை.

1950-ல் ஜூல்ஸ் மோன்ஷானன், ஹென்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் இதைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே குளித்தலையில் பங்குச் சாமியாராக இருந்தவர் மோன்ஷானன். 1968-ல் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ், 1993-ல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். அவரை அடக்கம் செய்ததும் இங்கேதான்.

சரி, அங்கே என்ன கிடைக்கும்? ஜெபம். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை கூடி ஜெபிக்கிறார்கள். பைபிளின் சங்கீதங்கள், பைபிள் வாசிப்பு, பஜனை, ஆரத்தி எல்லாம் உண்டு, கூடவே உபநிடதம் போன்ற நூல்களிலிருந்தும் வாசிக்கிறார்கள். ஜெபத்தில் காலையில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி இட்டுக்கொள்கிறார்கள். இது தவிர விடியலிலும் சூரியன் சாய்கிற நேரத்திலும் தனியாக உட்கார்ந்து தியானம். அந்த நேரத்தில் யாரும் உங்களுக்கு எதுவும் போதிப்பதில்லை, தனியாகக் கடவுள்முன் உட்கார வேண்டியதுதான். ஸ்பீக்கர் வைத்து ஆராதிக்கிற சபையில் வளர்ந்த எனக்கு முதலில் அது பெரிய பாரமாகவே இருந்தது, கடன், வேலை, அம்மாவின் உடம்பு என்று வீட்டில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த அமைதியில்தான் வரிசையாக எழும்பி வந்தது.

அப்போது எனக்குக் கைகொடுத்தது இயேசு நாம ஜெபம். பீட் கிரிஃபித்ஸ் பல வருஷம் செய்துவந்ததும் இதுதான்: 'ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்' என்று மூச்சோடு சேர்த்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பது. பயம் வந்தால் அதை விரட்டப் பார்க்காமல் இந்த ஜெபத்துக்குத் திரும்பி வந்தால் போதும். என் சமாதானத்தை உங்களுக்குக் கொடுக்கிறேன், உலகம் கொடுக்கிற மாதிரி நான் கொடுப்பதில்லை என்று யோவான் 14-ல் இயேசு சொன்னது எனக்கு இங்கேதான் உறைத்தது. கடன் அடையவில்லை, அம்மாவுக்கும் குணமாகவில்லை, ஆனாலும் கலக்கத்துக்கு அடியில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்ற நிச்சயம் வந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அது போகவில்லை. காலையும் மாலையும் அரை மணி நேரம் உட்காருவதை நான் விடாததுதான் அதற்குக் காரணம் என்று நம்புகிறேன். அங்கே போய்விட்டு வந்து அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டால், ஒரு நல்ல சுற்றுலா போய் வந்த பலன்தான் மிஞ்சும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிலுவையின் நடுவே ஓம், கோபுர வாசலில் மூன்று முகங்களோடு திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி), காவி உடுத்திய துறவிகள், இதையெல்லாம் பார்த்துச் சில கிறிஸ்தவர்கள் முகம் சுளிப்பார்கள். மதம் மாற்றத்தான் இந்த வேஷம் என்று இந்துக்களில் சிலரும் எதிர்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்கும் சில வாசிப்புகள் ஒட்டவில்லை, குறிப்பாக உபநிடதப் பகுதிகள். ஆனால் நடுவில் நற்கருணையும் (இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிர்கிற வழிபாடு) சுவிசேஷமும் இருக்கின்றன, இந்த மண்ணின் முறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இயேசுவைக் கும்பிடுவது எனக்கு எந்த நெருடலையும் தரவில்லை. உங்கள் மனசாட்சி இதற்கு இடம் கொடுக்காது என்றால் போக வேண்டாம், நாம ஜெபத்தை வீட்டிலேயே தொடங்கலாம். தூக்கமே வராமல், சாகலாமா என்ற எண்ணம் வருகிற அளவுக்கு மனச்சோர்வு இருந்தால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள், ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

போவதாக இருந்தால் முன்னாடியே எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள். கோடையில் வெயில் கடுமை, மார்கழி, தை நல்லது. காவிரியில் தண்ணீர் ஓடுமா என்பது மேட்டூர் அணை திறப்பதைப் பொறுத்தது. ரயிலில் வந்தால் குளித்தலையிலேயே இறங்கலாம். வார இறுதியில் ஒரே ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஓடி வராதீர்கள், முதல் இரண்டு நாள் மனசு அடங்கவே அடங்காது, அதற்கப்புறம்தான் ஜெபிக்கவே வரும்.